கீழ்த்தாடைக் கணக்கு

பல்லை வலிக்காமல் பிடுங்க வழி கிடைத்த பிறகுதான் பல்செட் பெரிய தொழிலானது. அதற்கு முன்னால் உயிர் போகிற வலி வந்தால் ஒழிய யாரும் வாயைத் திறந்து காட்டியதில்லை. உடைந்த பல்லின் வேர்கள் ஈறுக்குள் அப்படியே கிடக்கும். அதன் மேல் எதைப் பொருத்தினாலும் ஒழுங்காக உட்காராது. 1844-இல் சிரிப்பு வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கவைத்துச் சோதித்த ஹோரஸ் வெல்ஸும், 1846-இல் பாஸ்டனில் ஈதரைக் காட்டிப் பேரெடுத்த வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்கள். இருவரும் கொஞ்ச காலம் கூட்டாகத் தொழில் நடத்தியவர்கள். அவர்கள் கட்டித் தந்த புதுவகைச் செட்டுக்கு, மிச்சமிருந்த வேர்களை எல்லாம் முதலில் எடுத்தாக வேண்டும். வலிக்குப் பயந்து வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மயக்க மருந்தைத் தேடியதற்குப் பின்னால் இந்தக் கடைக்கணக்கும் இருந்தது.

1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதரைவிட இனிய மணம், சீக்கிரம் மயக்கும், கையாளவும் எளிது. ஆனால் அது ஆளையும் கொன்றது. அடுத்த ஆண்டே ஹானா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் கால் நகம் எடுக்கப் போய் இறந்தாள். அதன் பிறகு அப்படி இறந்தவர்களில் பல் பிடுங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அரை மணி நேர அறுவையைத் தாங்கிய மருந்து, அரை நிமிட வேலையில் ஏன் ஆளைச் சாய்த்தது என்பது அந்தக் காலத்தின் பெரிய புதிர்.

அந்தப் புதிரோடு உலகத்தின் பார்வை ஹைதராபாத் பக்கம் திரும்பியது. அங்கே ரெசிடென்சி மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் படித்தவர். மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது குருவிடமிருந்து வந்த பாடம். லண்டன்காரர்களோ இதயம்தான் முதலில் நிற்கிறது என்றார்கள். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் செலவை ஏற்க, 1888-இல் முதல் குளோரோஃபார்ம் ஆணையம் கூடியது. ‘லான்செட்’ இதழ் அதன் முடிவை நம்பவில்லை. அப்படியானால் உங்கள் ஆளையே அனுப்புங்கள் என்று நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்தார். மார்வலிக்கு அமில் நைட்ரைட் உதவும் என்று கண்டுபிடித்த லாடர் பிரண்டன் 1889-இல் கப்பலேறி வந்து சேர்ந்தார். நாய், குரங்கு, குதிரை, ஆடு என்று நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்துவிட்டு அவரும் லாரியின் பக்கம் சாய்ந்தார்: மூச்சுதான் முதலில் நிற்கிறது.

தீர்ப்பு தப்பு. 1911-இல் குட்மன் லெவி பூனைகளை வைத்துக் காரணத்தைக் காட்டினார். குளோரோஃபார்ம் ஆழமாக இறங்கும்போது மூச்சு முதலில் நிற்பது உண்மைதான். மேலோட்டமான மயக்கத்தில், அதுவும் பயத்தால் அட்ரினலின் பொங்கும்போது, இதயம் துடிப்பை விட்டு நடுங்க ஆரம்பித்துச் செயலிழந்து போகும். பயந்து நடுங்கும் ஆள், கொஞ்சம் மருந்து, சட்டென்று ஒரு பிடுங்கல். பல் நாற்காலியில் நடந்தது அதுதான். இன்று நம் ஊர்ப் பல் மருத்துவர் ஈறில் போடும் ஊசியில் லிக்னோகெயினோடு அதே அட்ரினலினும் எண்பதாயிரத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் கலந்திருக்கிறது. ரத்தக் குழாயைச் சுருக்கி மரப்பு நீடிக்கச் செய்வதற்காக.

லாரி காலத்து அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையை 1908-இன் மூசி வெள்ளம் கொண்டுபோனது. பிறகு அதே ஆற்றங்கரையில் வின்சென்ட் எஷ் வடிவமைத்த உஸ்மானியா பொது மருத்துவமனை எழுந்தது. ஹைதராபாத்தின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதும் அதே அஃப்சல்கஞ்சில்தான்.

வலி ஒழிந்ததும் அடுத்த தேவை மலிவான பொருள். தங்கத் தகட்டிலும் நீர்யானைத் தந்தத்திலும் செட் கட்டிக்கொள்ளப் பிரபுக்களால்தான் முடிந்தது. கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரான வல்கனைட், 1850-களுக்குப் பிறகு சாதாரண ஆட்களின் வாய்க்குள் செட்டைக் கொண்டுவந்தது. அதற்கான காப்புரிமையை வைத்திருந்த கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன், உரிமத் தொகை கட்டாத பல் மருத்துவர்களை ஊர் ஊராகத் துரத்தி வழக்குப் போட்டவர். 1879-இல் சான் பிரான்சிஸ்கோ விடுதி அறையில் அப்படித் துரத்தப்பட்ட ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்து வல்கனைட்டை ஒழித்தது. ஈறின் நிறம் வரும், மெருகு ஏறும், உடைந்தால் ஒட்டலாம். இன்றைக்கும் பெரும்பாலான செட்டுகள் அதே அக்ரிலிக்தான்.

பொருள் மாறியும் ஒரு சங்கடம் மட்டும் மாறவில்லை. அது செட்டில் இல்லை, எலும்பில் இருக்கிறது.

பல் பிடுங்கிய குழியில் முதலில் ரத்தம் உறைகிறது. பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள் என்று சொல்வதெல்லாம் அந்த உறைகட்டி கலையாமல் இருக்கத்தான். ஒரு வாரத்தில் அங்கே புதுத் திசு படர்கிறது. ஒரு மாதத்துக்குள் மேலே ஈறு மூடிக்கொள்கிறது. அடியில் இளம் எலும்பு நெய்யப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஆறிவிட்டது. ஆனால் குழி உள்ளே நிரம்பும்போதே அதன் சுவர்கள் கரைந்துகொண்டிருக்கும். பல்லைத் தாங்குவதற்காகவே இருந்த மெல்லிய எலும்பு அடுக்கு ஒன்று உண்டு. பல்லின் வேருக்கும் அதற்கும் நடுவே எண்ணற்ற நார்கள் கட்டியிருக்கும். கடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நார்கள் எலும்பை இழுக்கும். அந்த இழுப்புதான் எலும்புக்கு வேலை. பல் போனதும் வேலை போகிறது. உடம்பு வேலையில்லாத எலும்பை வைத்துக்கொள்வதில்லை.

2003-இல் டென்மார்க்கில் ஷ்ராப் குழுவினர் ஒற்றைப் பல் எடுத்த நோயாளிகளை ஓராண்டு அளந்தார்கள். சராசரியாக 12 மில்லிமீட்டர் அகலமிருந்த எலும்பு மேடு ஓராண்டில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டது. முழுச் செட் போட்டவர்களை இருபத்தைந்து ஆண்டு எக்ஸ்ரேயில் தொடர்ந்த டால்கிரென் 1972-இல் எழுதிய கட்டுரை இன்னும் கறாரானது. கரைவது நிற்பதே இல்லை. முதல் ஆண்டில் வேகம், பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க. கீழ்த்தாடை மேல்தாடையைப் போல நான்கு மடங்கு உயரம் இழக்கிறது.

ஏன் கீழே மட்டும் இத்தனை சேதம் என்பதற்குப் பரப்பளவைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். எல்லாப் பல்லும் இருக்கும் ஒரு தாடையில் வேர்களைச் சுற்றிய நார்ப் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். பல்லெல்லாம் போன மேல்தாடையில் செட் உட்காரக் கிடைப்பது சுமார் 23. கீழே வெறும் 12. அதே உணவு, அதே தாடைத் தசை, கால் பங்கு இடம். அதுவும் மேலே அண்ணம் முழுக்க விரிந்த தட்டு. கீழே குதிரை லாடம் மாதிரி ஒரு பட்டை, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், வராது. மேல் செட்டும் அப்படித்தான் நிற்கிறது: அண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம், சுற்றிலும் காற்றுப் புகாத விளிம்பு. கீழ்ச் செட்டுக்கு அந்த விளிம்பு கிடைப்பது அபூர்வம். நாக்கைத் தூக்கினால் அதுவும் தூக்கும்.

“மேல் செட் பரவாயில்ல டாக்டர், கீழ் செட்டுதான் ஆடுது” என்று செகந்திராபாத்திலும் சொல்கிறார்கள், சேலத்திலும் சொல்கிறார்கள். செட்டைக் கட்டியவரின் கைத்திறன் மேல் பழி போவது வழக்கம். பெரும்பாலும் அது கீழ்த்தாடையின் இயற்பியல்.

இதைத் தெரிந்துகொண்டால், எந்தச் செட் நல்லது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் பிடுங்குவதற்கு முன்பா பின்பா என்பதும் தெரிந்துவிடும். செகந்திராபாத்தின் மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ நடுத்தரத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. மேலே நான்கு பல், கீழே ஆறு, பாதி ஆடுகிறது. மகன் வேலைக்கு நடுவே அழைத்துக்கொண்டு போய், “எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே தடவையா புது செட் போட்டுடுங்க சார், திரும்பத் திரும்ப அலைய முடியாது” என்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஆறு பல்லில் இரண்டு கோரைப்பல் இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தில் அப்பா இழப்பது அதிகம்.

கோரைப்பல்லின் வேர் வாயிலேயே நீளமானது. மற்றவை போன பிறகும் அது நிற்கும். அதை வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி மழுக்கி, அதன் மேலேயே செட்டை உட்கார வைக்கலாம். இதற்கு ஓவர்டென்ச்சர் என்று பெயர். 1978-இல் கிரம், ரூனி இருவரும் ஐந்தாண்டு பார்த்து எழுதிய கணக்கு இது: கீழ்க் கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்கு முன்தாடையில் போன எலும்பு சராசரி 0.6 மில்லிமீட்டர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செட் போட்டவர்களுக்கு 5.2. பல் மருத்துவத்தில் இத்தனை தெளிவான வித்தியாசம் காட்டும் எண்கள் அதிகமில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. வேரைச் சுற்றிய நார்களில்தான் கடிக்கும் உணர்வு இருக்கிறது. இயற்கைப் பல் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனைக்கூட அறியும். சோற்றில் கிடக்கும் ஒரு மணலை நாம் சட்டென்று துப்புவது அதனால்தான். வேரும் இல்லாமல் முழுச் செட் போட்டவருக்குப் பிரியாணியில் எலும்புச் சில் சிக்கினால் ஈறு குத்திய பிறகுதான் தெரியும்.

ஓவர்டென்ச்சரின் பலவீனம் ஒன்றே: அந்த வேர் சொத்தையாகும். செட்டின் அடியில் இருட்டில் இருக்கும் வேரை நாள்தோறும் துலக்கி ஃப்ளோரைடு பேஸ்ட் தடவ வேண்டும். அதைச் செய்யாத ஆளுக்கு இது வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் என்பதால்தானோ என்னவோ, பல மருத்துவர்கள் இதைப் பேச்சுக்கே எடுப்பதில்லை. அது சரியில்லை என்பது என் எண்ணம். தேர்வை நோயாளியிடம் வைக்க வேண்டும்.

வேரும் மிஞ்சவில்லை என்றால் டைட்டானியம். 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் முயல் காலெலும்பில் ரத்த ஓட்டம் பார்க்க டைட்டானியக் குழல் ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதல் இம்பிளான்ட்டுகளைப் பொருத்தினார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. ஆனாலும் உலகம் இதை ஏற்க 1982-இன் டொரான்டோ மாநாடு வரை ஆனது.

இந்த உலோகத்துக்கும் ஹைதராபாத்துக்கும் பழக்கம் அதிகம். கஞ்சன்பாக்கில் உள்ள மிதானி ஆலை 1973-இல் தொடங்கப்பட்டது. ராக்கெட்டுக்கும் போர் விமானத்துக்கும் டைட்டானியக் கலவைகளை உருக்கும் இந்த ஆலை, உடம்பில் பதிக்கும் உலோகங்களையும் செய்கிறது. அதே நகரத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய முறையில்தான் கேரளத்தின் சவராவில் டைட்டானியப் பஞ்சு ஆலை 2011-இல் ஓடத் தொடங்கியது. மூலமோ சவராவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரையில் கிடக்கும் இல்மனைட் மணல். இருந்தும் பல் இம்பிளான்ட் என்று வரும்போது கிளினிக்கில் காட்டும் பெட்டிகளில் பெரும்பாலும் ஸ்விட்சர்லாந்து, கொரியா, இஸ்ரேல் பெயர்கள்தான்.

இம்பிளான்ட் என்றதும் வாய் நிறைய ஆணி வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக, முன்புறம் இரண்டே இம்பிளான்ட்டுகள், அதில் பட்டனைப் போல மாட்டும் கழற்றக்கூடிய செட். மேலே பழைய பாணி அக்ரிலிக் செட்டே போதும். இரண்டு இம்பிளான்ட், பணக்காரத் தீர்வுக்கும் ஏழைத் தீர்வுக்கும் நடுவே இருக்கும் நியாயமான இடம். கடைவீதி விளம்பரங்களில் வரும் நான்கு இம்பிளான்ட்டில் நிரந்தரப் பல் என்பது போர்த்துகலின் பாவ்லோ மாலோ பரப்பியது. பின்னிரண்டைச் சாய்த்துப் பதித்து நரம்பையும் சைனஸையும் தவிர்க்கும் தந்திரம் அதில் இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அதைக் கழற்றித் துலக்க முடியாது. பார்வை மங்கி, கை நடுங்கும் எண்பது வயதில் அதைச் சுத்தம் செய்யப் போவது யார் என்று இப்போதே கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அது தடையில்லை. புகை தடை. எலும்புத் தேய்மானத்துக்குப் பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்கள், மாத்திரையோ ஊசியோ, பல் எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து அபூர்வம் என்றாலும் உண்டு. குட்கா போட்டு வாய் இறுகிப்போனவர்களின் கதை வேறு. இரண்டு விரல்கூட நுழையாத வாயில் அச்செடுக்கும் தட்டே போகாது. செட்டை இரண்டு துண்டாகச் செய்து உள்ளே வைத்து இணைக்கும் வித்தையெல்லாம் பல் மருத்துவக் கல்லூரிகளில் செய்கிறார்கள்.

பிடுங்கிய அன்றே செட் போடுவதா, மூன்று மாதம் பல்லில்லாமல் இருப்பதா என்பது அடுத்த முடிச்சு. இங்கே எலும்பின் கணக்கும் மனிதரின் கணக்கும் எதிரெதிரே நிற்கின்றன. காத்திருந்தால் மேடு ஓரளவு அடங்கும், செட் பொருந்தும். ஆனால் மகள் கல்யாணம் அடுத்த மாதம் என்றால், அல்லது வகுப்பில் நின்று பாடம் சொல்லும் ஆளென்றால், மூன்று மாதம் நீண்ட காலம். உடனடிச் செட்டில் கடைவாய்ப் பற்களை முதலில் எடுத்து ஆறவிட்டு, முன்பற்கள் இருக்கும்போதே அச்செடுத்து, மாவுப் படிவத்தில் அந்தப் பற்களைச் செதுக்கி எறிந்துவிட்டுச் செட் செய்கிறார்கள். பிடுங்கிய அதே நாற்காலியில் மாட்டிவிடுகிறார்கள். முதல் இருபத்துநான்கு மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது; கழற்றினால் வீக்கத்தில் திரும்பப் போகாது. குழிகளுக்கு அது ஒரு கட்டாகவும் ஆகிறது.

அதில் சொல்லாமல் விடப்படுவது ஒன்று. அடியில் எலும்பு கரையக் கரைய அந்தச் செட் தளரும். சில மாதத்தில் உள்பக்கம் புதுப் பூச்சு பூசி, ரீலைன் செய்தாக வேண்டும், அல்லது புதிதாகவே கட்ட வேண்டும். ஆக, உடனடிச் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இடைக்காலத்துக்கானது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

சில பல் மட்டும் போனவர்களுக்கு வாதம் சுருக்கம். சாதா அக்ரிலிக் பகுதிச் செட் மலிவு, ஆனால் ஈறின் மேல் அழுத்தும். கோபால்ட்-குரோமியத்தில் வார்த்தது பக்கத்துப் பற்களின் மேல் சிறு தாங்கிகள் வைத்து உட்காரும், ஈறு பிழைக்கும். வளையும் நைலான் செட் பார்க்க அழகு, கம்பி தெரியாது, கடைகளில் நன்றாக விற்கிறது. ஆனால் ரீலைன் செய்வதும் சரிசெய்வதும் கடினம், தாங்கி இல்லாததால் மெல்ல ஈறுக்குள் புதையும். எனக்குப் பிடிக்காத சரக்கு. அதைவிட மோசம் நடைபாதைப் பல்காரர் வேலை. அறை வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக் மாவைக் குழைத்து நேராக வாய்க்குள் அப்பி, பக்கத்துப் பல்லோடு கம்பியால் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இறுகும்போது சூடு, இறுகாமல் மிஞ்சும் மோனோமர் திரவத்தின் எரிச்சல், அடியில் துலக்க முடியாத பொந்து. மூன்று நல்ல பல்லும் அதோடு போகும். 1948-இன் பல் மருத்துவர் சட்டம் படிக்காமல் தொழில் செய்துவந்தவர்களுக்கும் தனிப் பட்டியலில் இடம் கொடுத்திருந்தது. அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது. நடைபாதை முடியவில்லை, ஏனென்றால் மலிவுச் சிகிச்சையின் தேவை முடியவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசச் செட் கொடுக்கக் கர்நாடகம் ‘தந்த பாக்ய’ என்று திட்டம் போட்டது சரியான திசை.

நல்ல செட் எங்கே தீர்மானமாகிறது என்றால், மெழுகுக் கட்டத்தில். முதல் அச்சுக்குப் பிறகு, கிராம்பெண்ணெய் வாசம் வீசும் துத்தநாகப் பசையில் இரண்டாவது அச்சு. அப்புறம் மெழுகு விளிம்பை வாயில் வைத்து, மேல் கீழ் தாடைகளின் நடுவே எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்ப்பார்கள். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் தொடக் கூடாது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதிகமாக உயர்த்திவிட்டால் பேசும்போது பல் தட்டும், தாடை வலிக்கும். குறைத்துவிட்டால் முகம் சுருங்கி, கடைவாய் ஓரத்தில் எச்சில் தேங்கிப் புண்ணாகும்.

பிறகு பற்களை மெழுகில் அடுக்கிப் பேசச் சொல்வார்கள். இங்கே நோயாளி வாயைத் திறந்து உரக்கப் பேச வேண்டும், வெட்கப்படக் கூடாது. ஹைதராபாத்தில் உருது பேசுபவர் ‘ஃப’ ஒலி வரும் சொற்களைச் சொன்னாலே மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். தமிழருக்கு ‘வ’ போதும். ‘தாத்தா’ என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள்: பற்கள் உள்ளே தள்ளி அடுக்கப்பட்டிருந்தால் ‘த’ தடித்து, ‘ட’ பக்கம் சாயும். ‘ஸ’ விசிலடித்தால் முன்பற்களின் பின்புறம் சரியில்லை. இந்த நாளில் வீட்டு மனுஷி ஒருவரை அழைத்துப் போவது நல்லது; சிரிக்கும்போது எத்தனை பல் தெரிந்திருந்தது என்பது கண்ணாடியைவிட அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். மெழுகில் திருத்துவது ஐந்து நிமிடம். அக்ரிலிக் ஆன பிறகு திருத்துவது பெரும்பாடுதான்.

முதல் வாரங்களில் என்ன சாப்பிடுவது என்பதில் ஹைதராபாத்காரருக்கு ஒரு வசதி. ரம்ஜான் மாதமானால் மணிக்கணக்காகக் கடைந்த ஹலீம் கிடைக்கும். கோதுமையும் கறியும் ஒன்றாகக் குழைந்தது, மெல்லவே வேண்டாம், புரதமும் உண்டு. உஸ்மானியா பிஸ்கட்டை ஈரானி டீயில் நனைத்தும் சாப்பிடலாம். ஆனால் டீ ஆறட்டும்: அண்ணத்தை அக்ரிலிக் மூடியிருப்பதால் சூடு தெரியாது, தொண்டைக்குப் போய்த்தான் சுடும். சங்கராந்திச் சகினாலு மட்டும் வேண்டாம். அரிசிமாவு முறுமுறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் இருக்கும் எள் ஒன்று செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புகுந்தால் போதும், அன்றைய பண்டிகை முடிந்தது. நம்மூர்க் கொய்யா விதையும் இப்படித்தான். முன்பல்லால் கடித்து இழுக்காமல், சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்றால் செட் புரளாது.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுப் போட்டுக்கொண்டே தூங்குபவர்கள் நிறைய. எண்பத்தைந்து வயது தாண்டிய ஐந்நூற்றுச் சொச்சம் பேரை ஜப்பானில் மூன்றாண்டு கவனித்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. செட்டில் படியும் பூஞ்சையும் பாக்டீரியாவும் தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவதுதான் காரணமாக இருக்கலாம். கழற்றி வைத்தால் ஈறுக்கும் ஓய்வு.

பத்துப் பதினைந்து வருஷம் ஒரே செட்டில் ஓட்டிய முதியவருக்கு, அது தேய்ந்து தளர்ந்து போன பிறகு, புதுச் செட் கட்டுவது வேறு விதமான வேலை. பாடப் புத்தகப்படி எல்லாம் சரியாக இருக்கும் புதுச் செட்டை அவர் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவிடுவார். நாக்கும் கன்னமும் பழைய செட்டின் வடிவத்தோடு பழகிப்போயிருக்கின்றன. எழுபத்தெட்டு, எண்பது வயதில் புது வடிவத்தைக் கற்றுக்கொள்வது தசைக்கு எளிதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய செட்டையே அச்செடுத்து, அதே வெளிவடிவத்தில், உள்பக்கத்தையும் கடிக்கும் பரப்பையும் மட்டும் புதுப்பித்துக் கட்டும் நகல் செட் முறை இருக்கிறது. ஆகவே, எவ்வளவு அசிங்கமாகக் கறுத்துப்போயிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும், மருத்துவமனைக்குப் போகும்போது பழைய செட்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.